எங்கள் ஒழுங்கைக் காற்று பாஸான கதை

காற்றை அளக்கும் பெட்டி ஒன்றை அரசாங்கம் எங்கள் வீட்டு மேற்தட்டில் கொண்டுவந்து வைத்த அன்று, எங்கள் ஒழுங்கைக்காரர் எல்லாரும் சேர்ந்து காற்றைச் சுத்தமாக்கிவிட்டார்கள். சரியாக ஒரு நாளைக்கு. அந்த ஒரு நாளைப் பற்றி என் நாட்குறிப்பில் ஒன்பது பக்கம் இருக்கிறது. கோபத்தில் எழுதியவைதான். ஆனால் குறித்த நேரங்களில் பிழை இல்லை.

நான் பாடசாலை ஒன்றில் ஆய்வுகூட உதவியாளர். குழாய்களைக் கழுவுவது, அமிலப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுவது, உடைந்ததை உடைந்த அன்றே பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. இருபத்தாறு வருடமாக இதைச் செய்கிறவன் வீட்டுக்கு வந்தும் எழுதத்தான் செய்வான். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் காலத்தில் தினமும் காலை ஆறேகாலுக்கு மேற்கு யன்னல் கட்டையை ஈரமான வெள்ளைத் துணித்துண்டால் ஒருமுறை துடைத்து, அந்தத் துண்டைத் தேதி போட்டு உறையில் வைப்பேன். அப்படி மூன்று சப்பாத்துப் பெட்டி நிறைந்திருக்கிறது. இரண்டைத் தவிர எல்லாத் துண்டும் கறுப்பு. அந்த இரண்டு நாளும் பொது விடுமுறை.

ஒழுங்கையின் மேற்கு முனையில், மதிலுக்கு அந்தப் பக்கம், கப்பலில் வரும் நிலக்கரியை மலையாகக் குவித்து லொறிகளில் ஏற்றுகிற இடம் ஒன்று இருக்கிறது. கூரை இல்லை. வாசலில் பலகை உண்டு. பலகையில் ஒரு மரமும் அதில் குந்தியிருக்கும் ஒரு குருவியும் கீறியிருக்கிறார்கள். அந்த வளவுக்குள் உள்ள ஒரே மரம் அதுதான். வாடைக் காலத்தில் மழையும் கடற்காற்றும் எங்களைக் காப்பாற்றும். வைகாசி முடிந்து கச்சான் எழும்பினால் கரி எங்கள் பக்கம் திரும்பும். மூடாமல் வைத்த பாலில் ஆடை படிவதற்கு முன்னர் கரி படியும்.

ஆகவே எங்கள் ஒழுங்கையில் எல்லாவற்றையும் மூடுவார்கள். தொலைக்காட்சிக்குப் பூவேலை செய்த துணி, தையல் மெசினுக்குத் துணி, சோறு அவிக்கும் குக்கருக்குத் துணி, கலியாணப் படத்துக்குக் கண்ணாடிக்கு மேல் பொலித்தீன். விருந்தாளிக்குக் கதிரை கொடுப்பதென்றால் முதலில் கதிரையின் உறையைக் கழற்ற வேண்டும். இவ்வளவையும் மூடிவிட்டு மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பார்கள். கரியைப் பற்றிக் கேட்டால், "துறைமுகம் எண்டால் அப்பிடித்தான்" என்பார்கள்.

என் மனைவிக்கு அப்படித்தான் என்று இருக்க ஏலாமல் போயிற்று. அவளுக்குத் தொய்வு, ஆஸ்துமா. முட்டு வந்தால் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருப்பாள். பம்ப் அடித்து, பத்து நிமிடம் பார்த்து, திரும்ப அடித்து, அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டோ பிடித்து ஆசுபத்திரி. கிளினிக்கில் டொக்டர் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "ஒண்டில் தூசி அந்த இடத்தை விட்டுப் போக வேணும், இல்லாட்டி நீங்கள் போக வேணும். நான் தாற மருந்து அதுவரைக்கும்தான்." போவதென்றால் திரியாயில் அவளுடைய தங்கச்சி வீடு இருக்கிறது.

"என்ர குசினியை விட்டிட்டு நான் ஏன் போக வேணும்? கரி போகட்டும்" என்றாள் அவள்.

கரியைப் போக வைக்க நான் கடிதம் எழுதினேன். நான்காவது கடிதத்துக்குப் பதில் வந்தது. துணித்துண்டுகளை ஆதாரமாக ஏற்க முடியாது. வெளிக்காற்றுக்கு என்று ஒரு நியமம் இருக்கிறது. உரிய கருவியால் இருபத்துநாலு மணித்தியாலம் அளக்க வேண்டும். நுண்துகள் அந்த அளவை மீறினால், கூரையும் சுற்றுச் சுவரும் கட்டாமல் அந்த இடத்துக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது.

நியமத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். குறை சொல்ல ஏலாத எழுத்து. ஒரு நாளின் சராசரி இதற்கு மேல் போகக் கூடாது, வருடத்தின் சராசரி அதற்கு மேல் போகக் கூடாது. லொறிகள் நித்திரை கொள்ளும் இரவையும் லொறிகள் ஏற்றும் பகலையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிண்டி ஒரு எண்ணை எடுக்கிறார்கள். என் மனைவி சராசரியைச் சுவாசிப்பதில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு அவள் சுவாசிப்பது மூன்று மணிக் காற்றை. இருந்தும், எங்கள் இடத்தில் அந்தச் சராசரிகூட மீறும் என்பது எனக்கு நிச்சயம். அளக்க வந்தால் போதும் என்று இருந்தேன். மார்கழியில் வருவதாகச் சொன்னார்கள். மார்கழி மழையில் கரி கரைந்து போகும் என்று எழுதினேன். கடைசியில் ஆனி மாதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்.

இனி என் மடத்தனம். யாருடையதையும் எழுதுமுன் இதை எழுத வேண்டும். அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னர், ஒழுங்கையின் பதினேழு வீட்டுக்கும் நான் ஒரு அறிவித்தல் கொடுத்தேன். "எமது ஒழுங்கையின் காற்று எதிர்வரும் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி முதல் பரிசோதிக்கப்படவுள்ளது. அதிகாரிகள் வருகை தருவார்கள். பூரண ஒத்துழைப்பு வழங்கவும்." திருத்தித் திருத்தி எழுதி, பதினேழு பிரதி எடுத்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று என் கையாலேயே கொடுத்தேன். அவ்வளவு ஒழுங்கு.

எங்கள் ஊரில் பரிசோதனை என்றால் டெங்கு நுளம்புக்குத்தான். சுகாதாரப் பரிசோதகர் படிவத்தோடு படலையைத் தட்டுமுன் சிரட்டைகள் மறையும், பழைய டயர்கள் மறையும், பூச்சாடித் தட்டுகள் கவிழும். வழக்குக்குப் பயந்து பழகிய கைகள் அவை. "பரிசோதிக்கப்படவுள்ளது" என்ற சொல்லைக் கண்டதும் தாமாக வேலை செய்யத் தொடங்கும். அதற்கு முன் வந்த "காற்று" என்ற சொல்லை யாரும் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டுக்குச் சரியாக அதிகாரி வந்தார். கிண்ணியா ஆள், வயது முப்பது இருக்கும். மரியாதையானவர். வெள்ளைப் பெட்டி ஒன்றை மேற்தட்டில், வெட்டவெளியில், வைத்துப் பூட்டினார். பெட்டியின் தலையில் தொப்பி போன்ற ஒரு மூடி. அந்த மூடிக்குக் கீழால் காற்றை இழுத்து, உள்ளே இருக்கும் தாளில் தூசியைப் பிடிக்கும் என்று விளங்கப்படுத்தினார். கருவியின் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு என்று ஒரு படிவம் நீட்டினார். இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். பக்கத்தில் தேத்தண்ணீர்த் தட்டோடு மனைவி நின்றாள்.

"வேற என்ன செய்ய வேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமே செய்யத் தேவல்ல சேர். சும்மா விட்டாப் போதும்."

எங்கள் ஆட்களால் செய்ய ஏலாத ஒரே காரியத்தை அவர் கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அன்று செய்முறைப் பரீட்சை. பாடசாலையால் இரண்டு மணிக்குத்தான் திரும்பினேன். ஒழுங்கை முனையில் சைக்கிளால் இறங்கினால், தார் எல்லாம் ஈரம். மழைக்காலம் போல் மண் வாசனை. எதிர்வீட்டு அன்ரி, மாதா கோயில் பங்குச் சபையில் பூ அலங்காரத்துக்குப் பொறுப்பானவ, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குழாயால் றோட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தா.

"அன்ரி, என்ன செய்யிறீங்கள்?"

"ஏன் தம்பி, நீங்கள்தானே கடிதம் தந்தனீங்கள். விடிய அஞ்சு மணியில இருந்து நிக்கிறன். வளவில ஒரு சிரட்டை இல்லை. வேணுமெண்டால் போய்ப் பாருங்கோ."

"இது நுளம்புக்கு இல்லை அன்ரி. காத்துக்கு."

"எதுக்கெண்டால் என்ன? வாறவை ஊத்தை ஒழுங்கை எண்டு எழுதிப்போட்டுப் போகட்டோ?"

"ஊத்தை எண்டு எழுதத்தான் அவையளைக் கூப்பிட்டது!"

அவ குழாயைக் கீழே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தா. பெற்ற பிள்ளை பெயிலாக வேண்டும் என்று நேர்த்தி வைத்தவனைப் பார்ப்பது போன்ற பார்வை. "அந்த ஆசிட் மணம் உங்கட மூளைக்கு ஏறீட்டுது தம்பி. தள்ளி நில்லுங்கோ, உங்கட வாசல் காய்ஞ்சு கிடக்கு" என்று என் படலைக்கும் தண்ணீர் அடித்தா.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணர் வெளியே வந்தார். கரி லொறி ஓட்டுகிறவர். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் வீட்டில் நிற்க மாட்டார்.

"நீர் ஒண்டுக்கும் யோசிக்காதேயும்" என்றார். "உம்மட கடுதாசியை மனேச்சரிட்டக் காட்டினனான். நல்ல மனுசன். இண்டைக்கு விடியவே தண்ணி பவுசர் விட்டிட்டார். குவியலை மூடிப் படங்கு விரிச்சிருக்கு. எங்களுக்கு அரை நாள் லீவு."

"ஏன் அண்ணை அதைக் காட்டினீங்கள்?"

"பூரண ஒத்துழைப்பு எண்டு நீர்தானே எழுதினீர்?"

நான்தான் எழுதினேன். மூன்று வருடம் அவர்கள் செய்யாத ஒன்றை, ஒரே கடுதாசியால் ஒரு நாளைக்குச் செய்ய வைத்துவிட்டேன். அந்தப் பெருமையோடு அரை மணித்தியாலம் றோட்டில் நின்று இரண்டு பேரோடும் வாக்குவாதப்பட்டேன். அந்த அரை மணித்தியாலத்தில் என் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது மறுநாள் காலைதான் தெரிய வந்தது.

புதன்கிழமை ஆறரைக்குப் பெட்டியைப் பார்க்க மேலே ஏறினேன். பெட்டி துணி போர்த்துக்கொண்டு நின்றது. எங்கள் தொலைக்காட்சியின் துணி. வெள்ளைத் துணியில் ரோசாப்பூ வேலை. தொப்பியோடு சேர்த்து மூடி, காற்றுக்குப் பறக்காமல் கழுத்தில் நாடாவால் கட்டி, நாடாவின் முடிச்சையும் பூப்போல விட்டிருந்தது. உள்ளே கருவி பாவம் உறுமிக்கொண்டிருந்தது. துணியின் மேற்புறம் கறுத்திருந்தது. முந்தின பின்னேரம் பவுசர் போய்ப் படங்கு கழன்ற பிறகு வந்த கரி எல்லாம் அதில் இருந்தது.

அவிழ்த்து, கறுப்பு உள்ளே போகாமல் மடித்து எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

"இதை ஆர் போட்டது?"

"நான்தான். நேற்று நீங்கள் அன்ரியோட கத்திக்கொண்டு நிக்கேக்க ஏறிப் போட்டனான்."

பதினாலு படி. ஆறு படிக்கு ஒருக்கால் நின்று மூச்சு வாங்குகிறவள்.

"ஏன் போட்டனீ?"

"வெள்ளைப் பெட்டியப்பா. அரசாங்கத்துச் சாமான். கையெழுத்து வச்சது நீங்கள். கரி பிடிக்க விட்டிட்டீங்கள் எண்டு உங்களைக் கேட்டால் என்ன சொல்லுவியள்?"

எட்டு மணிக்கு அதிகாரி வந்து தாளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "நல்ல காத்து சேர் உங்கட பக்கம். நான் இவ்வளவு எதிர்பாக்கல்ல" என்றார். மனைவி அவருக்குத் தேத்தண்ணீர் நீட்டிக்கொண்டு நின்றாள். பெட்டி மூடிக் கிடந்தது என்று அவருக்குச் சொன்னால், உன் வழக்கை உன் கையாலேயே மூடிக் கட்டிவிட்டாய் என்று அவளுக்கு முகத்துக்கு நேரே சொன்னதாகும். சொல்லவில்லை. ஒன்பது பக்கத்தில் மிகச் சிறிய வசனம் அதுதான்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. எங்கள் பகுதிக் காற்று நியமத்துக்கு உட்பட்டது. பிரதி ஒன்று கரிக்காரருக்கும் போயிற்று. அதை லாமினேற் பண்ணிக் குருவிப் பலகைக்குக் கீழே தொங்கவிட்டார்கள். மனேச்சர் பதினேழு வீட்டுக்கும் ஆளுக்கொரு கலண்டர் அனுப்பினார். வருடம் பாதி போன பிறகு கலண்டர், அதில் முழு வருடத்துக்கும் நீல வானம். அன்ரி அதை வாசலிலேயே மாட்டினா. "எங்கட ஒழுங்கை பாஸ்" என்று பூசைக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொன்னா. கரி படியாமல் இருக்கக் கலண்டருக்கும் பொலித்தீன் போட்டிருந்தா.

காற்று பாஸான அந்தக் கிழமை என் மனைவிக்கு மூன்று தரம் முட்டு வந்தது. மூன்றாவது தரம் பம்ப்புக்கு அடங்கவில்லை. ஆசுபத்திரியில் முகமூடி மாட்டி மருந்து ஆவி கொடுத்தார்கள். முட்டு கொஞ்சம் அடங்கியதும் அவள் முகமூடியை ஒரு விரலால் தூக்கினாள்.

"அந்தத் துணியாலதானே காத்து பாஸானது?"

"துணியால மட்டும் இல்லை. ஒழுங்கை முழுக்கத்தான்."

"துணியைப் பற்றி அவையளுக்குச் சொன்னீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

அவள் தூக்கிய முகமூடியைத் திரும்ப இறக்கிவிடப் போனேன்.

"யன்னல் கட்டையைத் துடைச்ச துண்டுக்கெல்லாம் தேதி போடுறியள்" என்றாள். "இதைச் சொல்ல வாய் வரேல்லையோ? போய்ச் சொல்லுங்கோ." முகமூடியைத் திரும்ப இறக்கிக்கொண்டாள்.

துணியை நான் தோய்க்கக் கொடுத்திருக்கவில்லை. பொலித்தீன் பையில் போட்டு, திகதி, மூடிய நேரம், திறந்த நேரம் எழுதி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். கிண்ணியா அதிகாரி பையை மேசையில் வைக்க விடவில்லை. மேசை அழுக்காகிவிடுமாம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"சேர், நீங்க வாயால சொன்னா நான் எழுதணும். எழுதினா, உங்கட பொறுப்புல இருந்த கருவிக்கு இடைஞ்சல் செஞ்ச எண்டு வரும். தேவையா? இப்ப எல்லாருக்கும் நல்லபடியாத்தானே முடிஞ்சிருக்கு."

"அந்த எல்லாரிலையும் என்ர மனுசி இல்லை. எழுதுங்கோ."

மூன்று பிரதியில் எழுதினார். மூன்றிலும் கையெழுத்து வைத்தேன். ஒரு எழுத்துமூல எச்சரிக்கை எனக்கு வந்தது. என் வாழ்க்கையில் முதலாவது. அளவீடு ரத்து. கச்சான் முடியுமுன், ஆவணியில் ஒரு நாள், முன்னறிவித்தல் இல்லாமல் திரும்ப வந்தார்கள். இந்த முறை நான் யாருக்கும் ஒரு கடுதாசியும் கொடுக்கவில்லை. பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன். களவெடுக்க வருகிறவர்களுக்காக இல்லை. துடைக்க வருகிறவர்களுக்காக.

அன்ரி பத்து மணிக்குக் கண்டுபிடித்துவிட்டா. கீழே நின்று கத்தினா: "பாஸானதைப் பெயிலாக்கிற மனுசனை இண்டைக்குத்தான் கண்ணால காணுறன்!" குழாயோடு வந்த அன்ரியை, படலைக்கு வெளியே நின்று கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாள் என் மனைவி. கரிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம் போல் அள்ளினார்கள், கொட்டினார்கள். மூன்று மணிக்குக் கச்சான் மதிலைத் தாண்டி வந்தது. என் மடியில் இருந்த நாட்குறிப்பின் வெள்ளைப் பக்கத்தில் விரலால் கோடு இழுக்க முடிந்தது.

யன்னல் பூட்டிய அறைக்குள் இருக்கும்படி நான் சொல்லியிருந்த மனைவி நாலு மணிக்குப் படியில் பாதி ஏறி நின்றாள். மூக்கில் துணி. பெட்டியைக் கண்டதும் முகம் சுருங்கிப் போயிற்று.

"ஐயோ, இதென்ன கோலம்? தொப்பி முழுக்கக் கரி."

"கிடக்கட்டும்."

"ஒரேயொருக்கால் துடைச்சுவிடட்டோ?"

"தொடக் கூடாது."

நெஞ்சுக்குள் விசில் கேட்டது. ஆனாலும் அவள் இறங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டு, கறுத்துக்கொண்டு போகும் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். ஒழுங்கை முழுவதிலும் அன்று ஒத்துழைத்தவள் அவள் ஒருத்திதான்.

முடிவு: நியமத்தை மீறியது. எவ்வளவால் மீறியது என்று ஒரு எண் இருந்தது. அதை மூன்று பெட்டித் துணித்துண்டுகளும் முதலே சொல்லியிருந்தன. கூரையும் சுவரும் கட்டக் கரிக்காரருக்கு ஆறு மாதத் தவணை. கடிதத்தின் கடைசிப் பந்தி எங்களுக்கு. அதுவரை பிரதேசவாசிகள் யன்னல்களை மூடி வைக்கவும், வளவுகளுக்குத் தண்ணீர் தெளிக்கவும், உணவையும் பொருட்களையும் மூடிப் பாதுகாக்கவும், சுவாச நோயுள்ளோர் இயன்றவரை வேறிடத்தில் தங்கவும் அறிவுறுத்தப்படுகிறார்கள். அதாவது மீறியவனுக்குத் தவணை, மூச்சு முட்டுகிறவளுக்கு வேறிடம்.

அன்ரி கடிதத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தா. "தண்ணி தெளிக்கச் சொல்லித்தானே போட்டிருக்கு. நாங்கள் அதை முதலே செய்தனாங்கள்" என்றா. லொறி அண்ணர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு, "ஒழுங்கை பெயில். இப்ப உமக்குச் சந்தோசமோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு இருமினார். அவரும் இருமுவார் என்பதை நாட்குறிப்பில் ஏற்கெனவே பல இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆறு மாதத்துக்குத் தூசி போகாது என்பதால், டொக்டர் சொன்னபடி மனைவி போனாள். திரியாய்க்குப் போகிற காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். குசினியை எனக்கு ஒப்படைக்கும்போது எந்தச் சட்டிக்கு எந்த மூடி என்று மூன்று தரம் சொன்னாள். அங்கே அவளுக்கு இதுவரை ஒரே தரம்தான் முட்டு வந்திருக்கிறது. கரிக்காரர் கூரைக்கு நாலு தூண் நட்டிருக்கிறார்கள். தூணுக்குப் பச்சை நிறம் பூசி முடித்துவிட்டார்கள். கூரை இன்னும் இல்லை.

அன்று பஸ் நிலையத்தால் திரும்பி வந்து எழுத இருந்தபோது, மேசையில் என் நாட்குறிப்புகள் எல்லாவற்றையும் அடுக்கி, அந்த ரோசாப்பூத் துணியால் மூடிவிட்டுப் போயிருந்தாள். அலுவலகத்தால் திரும்பி வந்த துணியைத் தோய்த்து, அயன் பண்ணி வைத்திருக்கிறாள். ஆதாரத்தைத் தோய்க்கலாமா என்று கேட்க ஆள் இல்லை. எழுதும்போது அதை எடுக்கிறேன், எழுதி முடிந்ததும் போடுகிறேன். சனிக்கிழமைகளில் காலையில் அதை மேற்தட்டுக்குக் கொண்டுபோய், மேற்கு மதிலுக்கு நேரே பிடித்து நன்றாக உதறிவிட்டு, அவளைப் பார்க்கத் திரியாய் பஸ்ஸுக்குப் போகிறேன்.